கப்பித்தானின் பங்காளிகள்

எனக்குக் கல்யாணம் ஆனபோது தாலியோடு ஓர் இத்தாலியப் பெயரும் சேர்ந்து வந்தது. தாலி எத்தனை பவுன் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பெயரின் கனம் தெரியத்தான் சில வருஷங்கள் ஆயின.

நான் நெல்லித்தோப்புப் பெண். எங்கள் அப்பாவுக்குப் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்துதான், அதுவும் தாத்தாவுடைய முதலெழுத்து. அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டே எங்கள் குடும்பம் சாப்பிட்டது, பூசைக்குப் போனது, பக்கத்து வீட்டோடு சண்டை போட்டது. ஒரு குறையும் இருந்ததில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறுவருஷம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். போன வீட்டின் வாசலில் பித்தளைப் பலகை பளபளத்தது. அதில் 'ரோஸ்ஸி' என்று பிரெஞ்சு எழுத்தில் பொறித்திருந்தது. அதைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் மருமகளாக நான் கற்றுக்கொண்ட முதல் வேலை.

இந்த மாதிரிப் பெயர்கள் எங்கள் ஊரில் எப்படி வந்தன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஒரு சட்டம் கொண்டுவந்தான். சாதி வழக்கம், சொத்து வழக்கம் எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வருகிறேன் என்று ஒருவர் எழுதிக்கொடுக்கலாம். கொடுத்தால் அவரும் பிரெஞ்சுக்காரர் மாதிரிதான். ஆனால் பிரெஞ்சுக்காரர் என்றால் குடும்பப் பெயர் வேண்டுமே? அதனால் அன்றைக்கே ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். சிலர் புனிதர் பெயரைச் சொன்னார்கள், சிலர் பூவின் பெயரை, சிலர் தாங்கள் வேலை பார்த்த துரையின் பெயரை. துறந்ததோ தலைமுறை தலைமுறையாக வந்தது, எடுத்துக்கொண்டதோ அந்த நிமிஷம் வாயில் வந்தது. என் மாமனாரின் கொள்ளுத்தாத்தா வாயில் வந்தது 'ரோஸ்ஸி'.

வாயில் வந்தது என்று நான் சொல்கிறேன். மாமாவிடம் இதைச் சொல்ல முடியாது. மாமாவின் கணக்கில் அந்தப் பெயர் ரத்தத்தில் வந்தது. பிரெஞ்சுக் கும்பினிப் படையோடு இத்தாலியிலிருந்து ஒரு கப்பித்தான், அதாவது கேப்டன், வந்தாராம். உயர்ந்த குலமாம். அரண்மனை இருந்ததாம். இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டு மனம் பறிகொடுத்துக் கத்தியைக் கழற்றி வைத்துவிட்டாராம். அந்த வழியில் வந்தவர்கள்தான் நாங்கள். உலகத்தில் ரோஸ்ஸி என்று ஒரே குடும்பம்தான் உண்டு, அது புதுச்சேரியில் இருக்கிறது, மிச்சம் மீதி இத்தாலியில் இருக்கலாம்.

மாமா அட்டக்கரி நிறம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, நானும் ஒன்றும் மாவு நிறம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இறால் வறுவலும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து தன் மூக்கைத் தடவிக்கொண்டு, "பாத்தியாம்மா, இது இத்தாலி மூக்கு" என்று அவர் சொல்லும்போது நான் சமையலறைக்கு ஓடிவிடுவேன். அங்கே என் மாமியார் ஏற்கெனவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்.

"சிரிக்காத, காதுல வுழும்" என்பார் அத்தை. "அப்புறம் ராத்திரிக்கு ரசம் சப்பு, கறி உப்புன்னு நூறு நொட்ட சொல்லுவாரு."

பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாக்களுக்கு இந்தக் கப்பித்தான் கதையெல்லாம் தெரியாது. அவர்களுக்கு அது ரோசி வீடு. "ரோசியம்மா, சங்கரா வந்திருக்கு பாரு!" என்று என்னைக் கூப்பிடுவார்கள். வீட்டில் யாரோ ரோசி என்று ஒரு கிழவி இருந்திருக்கிறாள், அவள் பெயரால் வீடு வழங்குகிறது என்பது அவர்கள் எண்ணம். நான் மறுத்ததில்லை. ஒரு நாள் மாமாவே என்னோடு மார்க்கெட்டுக்கு வந்து இதைக் கேட்டுவிட்டார். அன்றைக்கு மீனே வாங்காமல் திரும்பினோம்.

மாமாவுக்குச் சுங்கச்சாவடியில் வேலை. கொடி மாறினாலும் அவர் நாற்காலி மாறவில்லை. கடலில் இருந்த பழைய இரும்புப் பாலத்தைப் புயல் கொண்டுபோயிருந்தது. புதுப் பாலம் இன்னும் வரவில்லை. கப்பல்கள் தூரத்திலேயே நிற்கும். சரக்கும் ஆட்களும் சலங்குப் படகில் அலைமேல் ஆடியாடிக் கரைக்கு வருவார்கள். வருகிறவர்களின் பெயரையெல்லாம் மாமா சரிபார்ப்பார். ஒரு ரோஸ்ஸி வரமாட்டானா என்று அவர் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ தெரியாது.

கடைசியில் ஒரு ரோஸ்ஸி வந்தார். ஆனால் கடல் வழியாக இல்லை, காரைக்காலிலிருந்து பஸ்ஸில்.

ஊர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் புதிதாக ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாமா இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில், யாரோ அந்த இளைஞரை 'ரோஸ்ஸி' என்று கூப்பிட்டது காதில் விழுந்திருக்கிறது. மருந்தை அங்கேயே விட்டுவிட்டு ஆளைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"நம்ம பங்காளிப் புள்ள!" என்று வாசலிலிருந்தே சத்தம். "காரைக்கால்ல ஒரு கிளை இருக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும். ரோஸ்ஸின்னா ஒரே ரத்தம்தான்!"

பிறகு என் நாத்தனாரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்த வரன்களை எல்லாம், "நம்ம பேருக்கு ஈடான பேரா அது?" என்று மாமா திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இவர் உனக்கு அண்ணன் முறை. அண்ணனுக்குச் சோறு போடு."

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்று சொல்வார்கள். அதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பங்காளிப் பிள்ளை ஞாயிறுதோறும் சாப்பிட வந்தார். நல்ல பிள்ளை. அதிகம் பேசமாட்டார். கப்பித்தான் கதையை ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்கிறவர் மாதிரிக் கேட்பார். முதலில் என் நாத்தனார் அவரை "அண்ணா" என்றாள். "அண்ணா, இன்னும் கொஞ்சம் சோறு?" அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "அண்ணி, இவங்களுக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ரசத்தைப் பார்த்தாள். அண்ணன் போய் 'இவங்க' வந்துவிட்டது என்றால் அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அவளும் ஒளிக்கவில்லை. கிணற்றடியில் துணி துவைக்கும்போது கேட்டேன். "கட்டினா இவங்களத்தான் கட்டுவேன் அண்ணி. இல்லன்னா மடத்துல சேந்துடுவேன்" என்றாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. சின்ன வயதில் ஒரு முறை கத்தரிக்காய் சாப்பிடமாட்டேன் என்று சொன்னவள், அன்று வரை கத்தரிக்காயைத் தொட்டதில்லை. அந்த வீட்டில் என் வயதுக்கு ஒத்த துணை அவள் ஒருத்திதான். அவளை வெள்ளை முக்காட்டில் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பார்க்க எனக்கு மனமில்லை. ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், பாதி அவளுக்காக, பாதி எனக்காக நான் இதில் இறங்கினேன்.

அத்தையிடம் சொன்னேன். அத்தை என் புருஷனிடம் சொன்னார். என் புருஷன் வழக்கம்போல, "பப்பாகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். கடைசியில் இளைஞரே தன் பெரியப்பாவைக் காரைக்காலிலிருந்து வரவழைத்தார். தகப்பன் இல்லாத அவரை வளர்த்தவர் அந்தப் பெரியப்பாதான். பெண் கேட்கத்தான் வந்தார். பூ, பழம், கற்கண்டு எல்லாம் கொண்டுவந்தார்.

வந்து உட்கார்ந்தவரிடம் மாமா முதலில் கப்பித்தான் கதையைச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "கப்பித்தானா? எங்க கப்பித்தானா? கத்தியக் கழட்டி வச்சாரே, அவரா?"

அவர்கள் வீட்டிலும் அதே கதை. அதே அரண்மனை, அதே கத்தி. ஒரே வித்தியாசம், அவர்கள் கப்பித்தான் காரைக்காலில் கரை இறங்கியிருந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நாம ஒரு வவுத்துப் புள்ளைங்க!" என்றார் மாமா.

"பின்ன! உங்க பொண்ணு என் பொண்ணு!" என்றார் பெரியவர். சொன்ன பிறகுதான், தான் எதற்கு வந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த பூவைப் பார்த்தார். "அடடா. எம் பொண்ண எம் புள்ளைக்கே எப்படிக் கேக்கறது? பங்காளிக்குள்ள பொண்ணு எடுக்கக் கூடாதே."

"கூடாது, கூடாது" என்றார் மாமா.

பெண் பார்க்க வந்த இடத்தில் பங்காளியாகித் திரும்பிய முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். கற்கண்டை மட்டும் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் அத்தனை சந்தோஷம். சமையலறையில் என் நாத்தனார் அடுப்பு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கொள்ளுத்தாத்தா சாதியைத் துறந்தார், வழக்கத்தைத் துறந்தார், குடுமியைக்கூடத் துறந்தார். பங்காளி முறையை மட்டும் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாராக்கும். மாதா கோயில் சாமியாரைக் கேட்டோம். எந்த ரத்த சம்பந்தமும் தெரியவில்லை, தடையில்லை என்றார். பிரெஞ்சுச் சட்டத்தில் தடையில்லை. இந்தியச் சட்டத்தில் தடையில்லை. மாமாவின் சட்டத்தில் மட்டும் இருந்தது. அதை மாற்ற ஒரே வழிதான். இந்தக் கப்பித்தானை யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு வீட்டில் ஒரு வீடு, "அவர் எங்களுக்குப் பாட்டன் இல்லை" என்று சொன்னால் போதும், பங்காளி முறை அறுந்துவிடும். யார் சொல்வார்? சொத்தைக் கேட்டால்கூடக் கொடுத்திருப்பார்கள்.

நாத்தனார் மடத்துத் தாயாரிடம் பேசிவிட்டு வந்தாள். அடுத்த தவக்காலம் முடிந்ததும் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். மாமா அதைக் கேட்டு, "கர்த்தருக்குக் குடுத்தா நல்லதுதான்" என்று பெருமையாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா காத்திருந்த கப்பல் வந்தது. இத்தாலிக் கப்பல். எந்திரப் பழுது பார்க்க எதையோ வாங்குவதற்காக ஓர் எஞ்சினியர் சலங்கில் கரைக்கு வந்தார். மாமா பெயரைக் கேட்டார். 'ரோஸ்ஸி' என்றார் அவர். மாமா சுங்கச்சாவடி நாற்காலியிலிருந்து எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாராம். அந்த மனிதர் தன்னைக் கைது செய்கிறார்கள் என்று பயந்துபோனாராம். இது என் புருஷன் விசாரித்துச் சொன்னது.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. கோழி, இறால், வஞ்சிரம், அத்தை செய்த பாலாடைப் பணியாரம். இஸ்திரி போட்ட வெள்ளை மேசைத்துணி. எஞ்சினியர் குட்டையாக, சொட்டைத்தலையோடு, சிரித்த முகமாக இருந்தார். மிளகாய்க் காரத்தில் அவர் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அவருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வந்தது. எனக்கும் கன்னியாஸ்திரிகள் புண்ணியத்தில் கொஞ்சம் வரும். அதனால் பரிமாறுகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

மாமா கப்பித்தான் கதையைப் பிரெஞ்சில் சொன்னார். தமிழில் இருந்ததைவிட அரண்மனை இன்னும் பெரிதாகிவிட்டது. முடித்துவிட்டு, "எங்கள் குடும்பத்தைப் பற்றி அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார்.

எஞ்சினியர் கோழிக்காலைக் கீழே வைத்தார். நல்ல மனிதர், அவருக்கு வருத்தப்படுத்தும் எண்ணம் இல்லை. ரோஸ்ஸி என்றால் சிவப்பு, சிவந்தவர்கள் என்று அர்த்தம் என்றார். ஒரு காலத்தில் யாருக்குத் தலைமயிர் சிவப்பாக இருந்ததோ, தாடி சிவப்பாக இருந்ததோ, வெயிலில் யார் முகம் சிவந்ததோ அவர்களையெல்லாம் ஊரில் அப்படிக் கூப்பிட்டார்கள், அது அப்படியே பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு கிராமத்திலும் சிவந்தவன் ஒருவன் இருந்தான், ஆகவே ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு ரோஸ்ஸி குடும்பம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. தெற்கே போனால் இதையே ருஸ்ஸோ என்கிறார்கள். இத்தாலியிலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் இதுதான்.

"உங்கள் கப்பலின் கப்பித்தான்?" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. "அவரும் ரோஸ்ஸியா?"

"இல்லை ஐயா. எங்கள் சமையல்காரர் ரோஸ்ஸி. எந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவரும் ரோஸ்ஸி."

"உறவா?"

"உறவாக இருந்தால் சமையல்காரர் எனக்குக் கூடக் கொஞ்சம் கறி வைத்திருப்பாரே!" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

நான் தண்ணீர்க் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தேன். மருமகள் விருந்தாளியிடம் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பிரெஞ்சுச் சட்டமோ தமிழ் வழக்கமோ தெரியாது, இரண்டும் சேர்ந்ததாக இருக்கும். நான் திறந்தேன். "அப்படியென்றால் அங்கே ரோஸ்ஸிகள் யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்?"

எஞ்சினியருக்குக் கேள்வியே விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். "ஒரு ரோஸ்ஸி இன்னொரு ரோஸ்ஸியைக் கட்டலாமா?"

"ஏன் கூடாது? என் அம்மா கல்யாணத்துக்கு முன்னாலும் ரோஸ்ஸி, பின்னாலும் ரோஸ்ஸி. கூடாது என்றால் எங்கள் நாட்டில் பாதிப் பேர் துறவியாகத்தான் போக வேண்டும்."

சமையலறைக் கதவருகில் ஒரு தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. என் நாத்தனாருக்கும் பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விருந்தாளியைக் கடற்கரை வரை கொண்டுபோய் விட்டார். சலங்கு அலையைத் தாண்டும் வரை நின்று கையசைத்தாராம். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வீட்டில் கப்பித்தான் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. மாமா மூக்கைத் தடவுவதை விட்டுவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. அந்தக் கதையை எத்தனை கிண்டல் செய்திருப்பேன். இப்போது வந்து தொலையாதா என்று இருந்தது. ஒரு நாள் கறியில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப் போட்டேன். நொட்டை சொல்லவில்லை. பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

"மனுசன் வெறும் தலையோட வெயில்ல நிக்கற மாரி இருக்காரு" என்றார் அத்தை. "அந்தக் கதைதான் அவருக்குத் தொப்பி."

பிறகு ஒரு நாள் காலையில் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார். "கெளம்புங்க. காரைக்கால் போறோம்."

"எதுக்கு பப்பா?" என்றார் என் புருஷன்.

"சம்பந்தம் பேச."

அத்தை, என் புருஷன், நான், மாமா, நாலு பேரும் பஸ் ஏறினோம். நாத்தனாரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கடலூர், சிதம்பரம் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. மாமா மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். அவர் வாய் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. செபம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காரைக்கால் பெரியவர் ஆரத் தழுவி வரவேற்றார். "வாங்க பங்காளி!" மாமா உட்கார்ந்து எஞ்சினியர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சிவப்புத் தாடி, ஊருக்கு ஒரு குடும்பம், சமையல்காரர், எண்ணெய்க்காரர், எல்லாம். "பெரிய மார்க்கெட்ல கீரைக்கட்டு மாரி மலிஞ்ச பேருங்க அது. இதுக்குப் போயி நாம பங்காளின்னு சொல்லிக்கறோம்."

பெரியவர் தலையை ஆட்டினார். "இத்தாலில ஆயிரம் இருக்கட்டும். அது அவங்க பாடு. நம்ம ரெண்டு பேருக்கும் கப்பித்தான் ஒருத்தருதானே? ஒரே கத்திதானே? அப்ப நாம பங்காளிதான். பொண்ண எடுக்க முடியாது."

முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்து அறையில் அந்த இளைஞர் நிற்பது திரை இடுக்கில் தெரிந்தது. மாமா முதல் நாளே சொல்லியிருப்பார் போல, ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மாமா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"கப்பித்தான் உங்க பாட்டன்" என்றார். "அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எங்க பாட்டன் இல்ல."

பெரியவர் வாயைத் திறந்தபடி இருந்தார். நாங்களும்தான்.

"எங்க கொள்ளுத்தாத்தா சலங்கு தள்றவரு. கப்பல்லேந்து மூட்டை எறக்குவாரு. பேரு குடுக்கற அன்னைக்கு வரிசைல நின்னாரு. இன்னா பேரு வைக்கிறதுன்னு தெரியல. அவருக்கு முன்னாடி உங்க கொள்ளுத்தாத்தா நின்னாரு. ராசா மாரி நின்னு, தன் குலப் பேரச் சொன்னாரு. ரோஸ்ஸி. எங்காளு பின்னாடி நின்னுக்கினு கேட்டாரு. கேக்க நல்லா இருந்துது. குமாஸ்தா, உனக்கு இன்னான்னான். எனக்கும் அதையே போடுங்க சாமின்னாரு. அவ்ளோதான் எங்க பேரு. உங்களது ரத்தம். எங்களது கடன்."

சுங்கச்சாவடியில் வெள்ளைக்காரர்களுக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், மீன்காரம்மா ரோசி என்றதற்கு மீன் வாங்காமல் வந்தவர், அன்னியர் கூடத்தில் தன் பாட்டனை மூட்டைக்காரராக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை நான் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து அவர் காலில் விழலாம் போல இருந்தது.

பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு பெருமை ஏறிக்கொண்டிருந்தது. முழுக் கப்பித்தானும் இப்போது அவர் ஒருவருக்கே. "பரவால்லீங்க" என்றார் தாராளமாக. "பொண்ணு நல்ல பொண்ணு. பேரு கடன்னா இன்னா இப்ப? எங்க வூட்டுக்கு வந்தா அசலாவே ஆயிடப் போவுது."

'பங்காளி' போய் 'சம்பந்தி' வந்தது. காப்பியும் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தை மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருசம் குடும்பம் நடத்தறேன். இந்த வரிசைக் கதைய நான் கேட்டதே இல்லியே?" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நெஜமா மாமா? அப்டித்தான் நடந்துதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க நின்னனா?" என்றார் மாமா. கொஞ்ச தூரம் போன பிறகு, "கப்பித்தான் வந்தப்பவும் நான் நிக்கலியே" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பக்கத்தில் அத்தை ஏற்கெனவே பொத்திக்கொண்டிருந்தார்.

கல்யாணம் தவக்காலம் வரும் முன்பே நடந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்தபோது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே குடும்பப் பெயர் என்று கேட்டு ஊர் கிசுகிசுத்தது. மாமா முன் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விருந்தில் காரைக்கால் பெரியவர் மேசைக்கு மேசை போய்க் கப்பித்தான் கதையைச் சொன்னார். ஒரு இடத்தில் கத்தி எந்தக் கையில் இருந்தது என்று தடுமாறினார். எல்லாக் கதையும் தெரிந்த மாமா, பக்கத்திலேயே இருந்தும், திருத்தவில்லை. தட்டில் இருந்த பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்குக் காரைக்காலுக்கே மாற்றல் கிடைத்திருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பெட்டி படுக்கையெல்லாம் மேலே ஏற்றியாயிற்று. நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், கடைசியில் பப்பாவிடம் வந்தாள். வேட்டி மடிப்புக் கலையாத மாமா அங்கேயே, ஜனங்கள் நடுவில், குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார். நாங்கள் யாரும் அவர் அழுது பார்த்ததில்லை.

காரைக்கால் பெரியவர் பதறிப்போய்த் தோளைத் தொட்டார். "என்னா சம்பந்தி இது? மத்த வூட்டுப் பொண்ணுங்களாச்சும் கல்யாணமானா அப்பன் பேர வுட்டுட்டுப் போவும். உங்க பொண்ணு உங்க பேரோடவேதான போவுது? அப்புறம் இன்னாத்துக்கு அழுகை?"

மாமா தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேர வச்சிக்கினு நான் இன்னா பண்றது சம்பந்தி" என்றார். "பொண்ணு போவுதே."